மேடைக் குரலும் ஒலிவாங்கிக் குரலும்: ஒரு மறுப்பு

மாத்தளையிலிருந்து றத்தோட்டை வழியாக மலையேறி, றிவர்ஸ்டனைக் கடந்து மறுபுறம் இறங்கும் பாதை லக்கலப் பிரதேசத்துக்குச் செல்கின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில் அமைந்த இப்பிரதேசம் நெடுங்காலமாகச் சேனைப் பயிர்ச்செய்கைக்குப் பேர்போனது. காட்டை வெட்டி எரித்துக் குரக்கன் விதைத்த உழவன், விளைச்சற் காலத்தில் இரவெல்லாம் கண்விழித்து யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் பயிரைக் காத்தான். அவனது காவற் குடிலைச் சிங்கள மக்கள் ‘பெல’ என்பர். அங்கிருந்து அவன் பாடிய பாட்டு ‘பெல் கவி’ எனப்படும். தூக்கத்தைப் போக்கவும், விலங்கை வெருட்டவும், அப்பால் மற்றொரு குடிலில் விழித்திருப்பவனுக்குத் தான் இருப்பதை அறிவிக்கவும் எழுந்த பாட்டு அது. ஆகவே அது நீட்டி இசைக்கப்பட்டது, உயர்த்திப் பாடப்பட்டது. இருளைக் கடந்து இன்னொருவன் செவியைச் சேர்வதே அதன் முதல் இலக்கணமாயிருந்தது.

இது தமிழ் மாணவனுக்குப் புதிய செய்தியன்று. தினைப்புனத்துப் பரண்மீது நின்று கிளி கடியும் குறமகளைக் குறிஞ்சித் திணை அறியும். அந்தப் பரணையே சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) தமது ‘வள்ளி திருமணம்’ நாடகத்தின் மூலம் மேடைக்குக் கொண்டுவந்தார். மேடைப் பரணில் நின்று வள்ளி பாடிய ஆலோலம், திடலின் கடைசி வரிசையில் மண்ணில் அமர்ந்திருந்தவனையும் எட்டவேண்டியிருந்தது. லக்கலவின் ‘பெல’வும் வள்ளியின் பரணும் மொழியால் வேறு, குரலின் வேலையால் ஒன்று.

இந்தக் குரலைத்தான் இன்றைய படித்த செவி ‘கத்தல்’ என்று ஒதுக்குகின்றது. எஸ். ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டு ஒன்றை ஒலிக்கச் செய்தால் இளைஞர் புன்முறுவல் பூக்கின்றனர். கூத்துக் கலைஞன் ஒருவன் உச்சத் தொனியில் வரவுப் பாட்டைத் தொடங்கினால், “ஒலிவாங்கி இருக்கும்போது ஏன் இந்த அலறல்?” என்று முன்வரிசையில் கேள்வி எழுகின்றது. இதற்கு எதிர்முனையில் வேறொரு கூட்டம் நிற்கின்றது. பழையவர்களோடு பாட்டே மாண்டுபோயிற்று. இன்று பாடுபவரெல்லாம் முணுமுணுப்பவரே. ஒலிபெருக்கியைப் பிடுங்கிவிட்டால் ஒருவருக்கும் குரல் இல்லை என்பது அவர்தம் வாதம்.

காமன் பண்டிகையையொட்டித் தமிழ்நாட்டிலே பாடப்பெற்ற லாவணியில் இரு கட்சிகள் உண்டு. காமன் எரிந்தான் என்பது ஒரு கட்சி. எரியவில்லை என்பது மறு கட்சி. விடியும்வரை வாதிடுவர், விடிந்தபின் இரு கட்சியும் சேர்ந்தே வீடு திரும்பும். பழைய குரல், புதிய குரல் பற்றிய இன்றைய வாதமும் அத்தகைய லாவணியாகவே நடைபெறுகின்றது. இரு கட்சியாரும் ஒரே பிழையான எடுகோளில் நின்று வாதிடுகின்றனர். குரல் முறைகள் காலவரிசையில் ஒன்றையடுத்து ஒன்று வருகின்றன. அவற்றுள் ஒன்று வளர்ச்சி, மற்றது வீழ்ச்சி என்பதே அந்த எடுகோள். இக்கட்டுரை அதனை மறுக்கின்றது. ஒரு குரல் முறையை ஆக்குவன மூன்று: அது ஒலிக்கும் இடம், அதனோடு ஒலிக்கும் கருவி, அதனைக் கேட்கும் மக்கள். இம்மூன்றையும் கேளாமல் குரலை மட்டும் மதிப்பிடுபவர் மீனைத் தரையில் போட்டு நீந்தச் சொல்பவரேயாவர்.

முதலில் தமிழ் நாடக மேடையை நோக்குவோர்க்குச் சில உண்மைகள் புலனாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முதற் பகுதியிலும் நாடகங்கள் தகரக் கொட்டகைகளிலும் திறந்த திடல்களிலும் இரவு முழுவதும் நிகழ்ந்தன. பல நூறு பேர் திரண்டனர். பிள்ளை அழும், கடலை விற்பவன் கூவுவான். நடிகனுக்கு உதவியாக ஆர்மோனியமும் மிருதங்கமும் இருந்தன, மின்சாரம் இல்லை. இச்சூழலில் நான்கு கட்டை, ஐந்து கட்டைச் சுருதி மேடையில் வழக்காயிற்று. இன்றைய கருநாடக இசையரங்கில் ஆண்பாடகர் பெரும்பாலும் ஒரு கட்டையை அண்டியே சுருதி வைத்துக்கொள்கின்றனர். ஐந்து கட்டை என்பது அதன் பஞ்சமத்துக்கு மேலேறிய நிலை. அன்றைய நடிகன் அதனைத் தெரிந்தெடுத்தது தன் தொண்டையின் வீம்பைக் காட்டுவதற்காக மட்டுமன்று. தாழ்ந்த சுருதியில் பாடினால் பின்வரிசையில் இருந்தவன் காலணாவைத் திருப்பிக் கேட்டிருப்பான்.

செங்கோட்டையிற் பிறந்த கிட்டப்பா (1906–1933) இம்மேடையின் உச்சக் குரலாக விளங்கினார். அவரும் கே. பி. சுந்தராம்பாளும் (1908–1980) இணைந்து நடிக்கத் தொடங்கியது இலங்கை மேடையிலே என்பது இந்நாட்டுத் தமிழர் மறந்துவிட்ட செய்தி. கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். இன்று அவரை அறியக் கிடைப்பது இசைத்தட்டுகளே. அக்கால இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடங்களைச் சற்றே கடக்கும். ஒரு திடலை நிறைப்பதற்காகப் பழகிய குரலை ஒரு சிறு அறைக்குள் அடைத்து, மூன்று நிமிடத் துண்டாக நறுக்கி, கீறல் விழுந்த தட்டில் எடுத்து, காதுக்குள் செருகும் சிறுபொறியில் கேட்டுவிட்டு, “இது மிகையாக இருக்கின்றது” என்று தீர்ப்புக் கூறுவது எத்தகைய திறனாய்வு? கோபுரத்துச் சுதைச் சிற்பத்தைக் கழற்றி மேசையில் வைத்து, கண் ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்பது போன்றதே அது. சிற்பியின் அளவு, கீழே நிற்பவனின் கண்ணுக்கு வைத்த அளவு.

குரலுக்கும் இடத்துக்குமுள்ள இவ்வுறவைப் பண்டைத் தமிழர் நன்கறிந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை, ஆடலாசான், இசையாசான், முழவாசிரியன் முதலியோரின் இலக்கணத்தைக் கூறும் அதே இடத்தில் அரங்கின் அளவையும் கூறுகின்றது: நீளம் 8 கோல், அகலம் 7 கோல், உயரம் 1 கோல். பாடுபவனின் தகுதியும் பலகையின் அளவும் ஒரே காதையில் இடம்பெற்றமை தற்செயலாகாது. தொல்காப்பியமோ இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. பிறப்பியலில் எழுத்தொலியின் தோற்றத்தைக் கூறுமிடத்து, உந்தியிலிருந்து எழும் காற்றுத் தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெறுவதாக அந்நூல் வகுத்துரைக்கின்றது. தலைக்குரல், நெஞ்சுக்குரல் என்ற பாகுபாட்டை மேலைநாட்டு இசையாசிரியர் தம் மாணாக்கருக்கு இன்றும் கற்பிக்கின்றனர். தமிழ் மாணவன் அதனை எழுத்ததிகாரத்தில் படிக்கின்றான், படித்துவிட்டு மறக்கின்றான்.

தலைக்குரலா நெஞ்சுக்குரலா என்ற இவ்வினாவே ஐரோப்பிய இசை வரலாற்றில் ஒரு பெரும் போரை மூட்டியது. அப்போரை அறிவது இங்கு நிகழும் லாவணியைத் தீர்க்க உதவும். பாட்டாலேயே நடத்தப்படும் ஐரோப்பிய இசை நாடகம் ஓபரா எனப்படும். அதில் காதலனாகவும் வீரனாகவும் வரும் உயர்ந்த ஆண்குரலை டெனர் என்பர். டெனரின் பெருமை அவன் தொடும் ‘மேல் சி’ என்னும் சுரத்தில் இருப்பதாக மக்கள் கருதினர். ஆர்மோனியக் கணக்கில் அச்சுரம் எங்கே நிற்கின்றது என்று பார்த்தால் வியப்புண்டாகும். ஐந்து கட்டைச் சுருதியில் பாடும் ஆண்மகன் மேல்ஸ்தாயிச் சுத்த மத்திமத்தைத் தொடும்போது, அல்லது நான்கு கட்டையில் பாடுபவன் மேல்ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொடும்போது, டெனரின் அதே ‘மேல் சி’யைத்தான் தொடுகின்றான். பாரிசில் அதற்குப் பூமாரி பொழிந்தனர். இங்கு அதற்குக் ‘கத்தல்’ என்று பெயர்.

றொசினியின் ‘வில்லியம் டெல்’ என்னும் ஓபரா 1829இல் பாரிசில் அரங்கேறியது. அதில் முதன்மை டெனராகப் பாடியவர் அடோல்ஃப் நூரி. உச்சச் சுரங்களை மென்மையான தலைக்குரலில் எடுத்து, அணிநயத்தோடு இழைப்பது பழைய முறை. நூரி அதில் வல்லவர். 1837இல் ஜில்பேர் டுப்றே என்பவர் அதே ஓபராவில் அதே பாத்திரத்தை ஏற்று, ‘மேல் சி’யை நெஞ்சுக்குரலில் முழங்கினார். அவையோர் வெறிகொண்டனர். றொசினிக்கோ அம்முழக்கம் சற்றும் பிடிக்கவில்லை. எனினும் ஆக்கியோனின் விருப்பம் அரங்கின் ஆரவாரத்தில் அடிபட்டுப் போயிற்று. நூரி பாரிசை விட்டு இத்தாலிக்குச் சென்று புதிய முறையைக் கற்க முயன்றார். கற்கும் முயற்சியில் தமக்கே உரிய தலைக்குரலின் மென்மையை இழந்தார். 1839இல் நேப்பிள்சு நகரில் மாடியிலிருந்து வீழ்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. வென்ற டுப்றேயின் குரலும் அதிக காலம் நிலைக்கவில்லை. ஆயினும் அவர் திறந்த வழியே பின்வந்தோரின் பெருவழியாயிற்று. வாத்தியக் குழுக்கள் பெருத்தன; அரங்குகள் விரிந்தன; 1887இல் மிலான் நகரில் அரங்கேறிய வேர்தியின் ‘ஒத்தெல்லோ’வை எக்காளம் போன்ற குரல் படைத்த தமாஞோ பாடினார். 1902இல் அதே நகரில் முதன்முதலாக ஒலிப்பதிவுக் கொம்பின் முன் நின்ற என்றிக்கோ கறூசோ (1873–1921), நெஞ்சின் கனம் மிகுந்த தம் குரலால் புதிய நூற்றாண்டின் டெனர் எப்படி ஒலிக்கவேண்டும் என்பதற்கே அளவுகோலானார்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ‘பழமை’ என்பது மென்மையாகவும், ‘புதுமை’ என்பது முழக்கமாகவும் இருந்தது. தமிழ் மேடையிலோ ‘பழமை’ முழக்கமாகவும் ‘புதுமை’ மென்மையாகவும் இருக்கின்றது. அங்கே புதியவர் உரத்தனர்; இங்கே புதியவர் தணிந்தனர். முழக்கம் பாமரத்தனம், மென்மை நாகரிகம் என்பது உண்மையாயின், பாரிசு நகரம் 1837இல் நாகரிகத்தினின்றும் பாமரத்தனத்துக்கு இறங்கியதாகக் கொள்ளவேண்டும். அங்ஙனம் கொள்ள எவரும் முன்வரார். அங்கு அரங்கு பெருத்தது, வாத்தியம் பெருத்தது, குரலும் பெருத்தது. இங்கு 1930களின் பின் ஒலிவாங்கி வந்தது, பேசும்படம் வந்தது, வானொலி வந்தது; குரல் சிறுத்தது. இரண்டிடத்தும் குரல் தன் சூழலுக்கு விடையளித்ததேயன்றி, நாகரிகப் படிக்கட்டில் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

விஞ்ஞானமும் இதற்குச் சான்று பகர்கின்றது. திறந்த வெளியில் கேட்போனின் தூரம் இருமடங்காகும்போதெல்லாம் ஒலியின் மட்டம் 6 டெசிபெல் வீழும். அவ்வீழ்ச்சியை வெறும் மூச்சு வலிமையால் ஈடுசெய்ய முயல்பவன் தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்வான். சுவீடன் நாட்டு ஆய்வாளர் யொஹான் சுண்ட்பெர்க் 1970களில் ஓபராப் பாடகரின் குரலைப் பகுத்தாராய்ந்து, நொடிக்கு ஏறத்தாழ 3,000 அதிர்வுகளை அண்டிய பகுதியில் அவர்கள் ஒலியாற்றலைத் திரட்டிக்கொள்வதைக் காட்டினார். வாத்தியக் குழுவின் ஒலி வலுக்குன்றியிருக்கும் பகுதி அது. மனிதச் செவி மிகக் கூர்மையாயிருப்பதும் அப்பகுதியிலேயே. ஆதலால் ஒரு தனிமனிதன் பெருங்கருவிக் கூட்டத்தை வெல்ல முடிகின்றது. கூர்மையான, ஒளிர்ந்த, சற்றே மூக்கொலி கலந்ததாகத் தோன்றும் நாட்டுக் கூத்துக் குரலை ஏளனம் செய்வோர், கூத்தனும் தொலைவை வெல்லத் தனக்கென ஒரு வழி கண்டிருக்கலாமே என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அவ்வழி யாது என்று அளந்தறியப் பல்கலைக்கழகங்களில் கருவிகள் இல்லாமலில்லை. கூத்தனின் தொண்டை ஆய்வுக்குரிய பொருள் என்ற எண்ணமே இல்லை.

இவ்வளவு கூறுவதால் பழமையைத் தொழுவோர் மகிழ்ந்துவிடலாகாது. அவர்கள் மறைத்துப் பேசும் குறைகள் பல. பழைய இசை நாடகத்தில் சங்கதிமேற் சங்கதி அடுக்கப்பட்டபோது சொல் சிதைந்தது. ஆர்மோனியக்காரர் நடிகனோடு போட்டியிட்டார். போட்டி முடியும்வரை நாடகம் நின்றது. ‘ஒன்ஸ்மோர்’ என்ற கூச்சல் எழுந்தால் இறந்து கிடந்த பாத்திரமும் எழுந்து மீண்டும் பாடியது. குரல் வளம் அமையாத நல்ல நடிகர்கள் மேடையின் ஓரத்திலேயே காலங்கழித்தனர். ஒலிவாங்கி இவற்றுட் பலவற்றைத் தீர்த்தது. உச்சத்தில் பாட இயலாத குரலுக்கும் அது இடமளித்தது. தாலாட்டைத் தாலாட்டாகவும் இரகசியத்தை இரகசியமாகவும் பாட வழிசெய்தது. எம். கே. தியாகராஜ பாகவதர் (1910–1959) மேடைக் குரலைத் திரைக்குக் கொண்டுவந்தவர். அவருக்குப் பின்வந்த ஏ. எம். ராஜா, பி. பி. ஸ்ரீநிவாஸ் போன்றோர், திடலை நோக்கி வீசாமல் ஒரு தனிச் செவியை நோக்கிப் பாடினர். அந்த நெருக்கம் பழைய மேடைக்கு எட்டாதது. அதனைக் குரலின்மை என்று பழிப்பவர், ஒலிவாங்கியைக் கையாள்வதும் ஒரு பயிற்சியே என்பதை அறியாதவர்.

ஆகவே வினா, எது உயர்ந்தது என்பதன்று. எந்த இடத்தில் எந்தக் குரல் என்பதே வினா. ஒலிவாங்கிக்குரிய இடத்தில் ஒலிவாங்கிக் குரல் பொருந்தும். ஆனால் ஒலிவாங்கி தன் எல்லையைக் கடந்து, தனக்குப் பொருந்தாத கலையையும் விழுங்கத் தலைப்பட்டிருப்பதே இன்றைய நெருக்கடி. அது கண்கூடாகத் தெரியும் இடம் கூத்துக் களரியாகும்.

கூத்து வட்டக்களரிக்குரியது. சுற்றிலும் மக்கள், நடுவே அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டுக்காரரும், அவர்களைச் சூழ்ந்து ஆடுவோர். ஆடுபவன் ஓரடியைப் பாடுகின்றான். பிற்பாட்டுக்காரர் அதனைத் திருப்பிப் பாடுகின்றனர். அந்த இடைவெளியில் அவன் தாளக்கட்டுக்கு ஆடுகின்றான், மூச்சு வாங்குகின்றான், அடுத்த அடிக்கு ஆயத்தமாகின்றான். இவ்வமைப்பின் நடுவே ஓர் ஒலிவாங்கியைத் தொங்கவிட்டால் நிகழ்வது யாது? ஆடுபவன் அதனை நோக்கியே வருகின்றான். அதன் கீழே நின்று பாடுகின்றான். பாடி முடித்தபின் ஆடுகின்றான். வட்டம் உடைந்து வரிசையாகின்றது. மூன்று புறத்து மக்கள் அவன் முதுகைக் காண்கின்றனர். பிற்பாட்டுக்காரர் ஒலிவாங்கிக்கு அருகில் இருந்தால் அவர் குரலே மேலோங்குகின்றது. அப்பால் இருந்தால் இல்லாமற் போகின்றது. பாத்திரம் ஒரு மூலையில் நிற்க, அதன் குரல் வேறொரு மூலையிலுள்ள பெட்டியிலிருந்து வருகின்றது. கூத்தின் உடலும் குரலும் இவ்வாறு பிரிக்கப்பட்ட பின், “கூத்து ஏன் உயிரற்றுப் போயிற்று?” என்று கருத்தரங்கு கூட்டப்படுகின்றது, அக்கருத்தரங்கிலும் ஒலிவாங்கியே முதலில் பேசுகின்றது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் ஆற்றிய பணியை ஈண்டு மறத்தல் தகாது. ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றின் மூலம், விடியவிடிய ஆடப்பட்ட மட்டக்களப்புக் கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கி, படித்தவர் அவைக்கு அவர் கொண்டுவந்தார். ஏட்டில் இருந்த கூத்து நூல்களை அச்சேற்றுவித்தார். அதற்குச் சில ஆண்டுகள் முன் 1956இல் சரச்சந்திர ‘மனமே’ வாயிலாகச் சிங்கள நாடகத்துக்குச் செய்ததற்கு இது ஈடான தொண்டு. ஆனால் அத்தொண்டின் வாரிசுகளெனத் தம்மைக் கூறிக்கொள்வோர், பிரதியைப் பேணினர், ஆட்டக்கோலங்களை வகைப்படுத்தினர், உடுப்பையும் முடியையும் ஆராய்ந்தனர். குரலைப் பற்றி எழுதியது மிகச் சிறிது. வடமோடி, தென்மோடி வேறுபாடு குறித்துப் பக்கம் பக்கமாக விடையெழுதும் மாணவனிடம், அண்ணாவியார் தம் மாணாக்கனின் மூச்சை எவ்வாறு பழக்கினார் என்று கேட்டால் விடையில்லை. அச்சுப் பிரதியில் பாட்டு இருக்கின்றது; அதனைத் திடலின் மறுகரைக்குக் கொண்டுசென்ற குரல் இல்லை.

வடக்கிலும் இதே கதைதான். நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989) அரிச்சந்திரன் மயான காண்டத்தைப் பாடி நடித்த காலத்தில் யாழ்ப்பாணத்துச் சிற்றூர் மக்கள் விடியும்வரை விழித்திருந்தனர். அவரைப் பற்றிய பாராட்டுரைகளுக்குக் குறைவில்லை. அவரது பயிற்சி முறையை அடுத்த தலைமுறைக்குரிய பாடமாக வகுத்தளிக்கும் முயற்சி அப்பாராட்டுரைகளின் அளவுக்கு வளரவில்லை. புகழ்மாலை சூட்டுவது எளிது. பாடத்திட்டம் வகுப்பது கடினம்.

மலையகத்தின் நிலை இதனினும் கவலைக்குரியது. மன்னாரிலிருந்து காட்டுவழியே கால்நடையாக மாத்தளையை அடைந்த மக்களின் பரம்பரையினர், அவ்வருகையின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மீண்டும் நடந்தனர். அம்மூதாதையர் கூடையில் சுமந்துவந்த பொருள் சொற்பம். தொண்டையில் சுமந்துவந்தது பெரிது. காமன் கூத்தும், அருச்சுனன் தபசும், பொன்னர் சங்கரும் அவ்வாறு வந்தவை. மாசி மாதத்து இரவில், தப்பு முழங்க, குளிர்ந்த மலைச்சரிவில், லயத்துக் காம்பிராக்களிலிருந்து இறங்கிவந்த மக்கள் நடுவே ரதி புலம்புகின்றாள். பகலெல்லாம் கொழுந்துக்கூடை சுமந்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும் கேட்கும் புலம்பல் அது. தப்பின் பேரொலிக்கு மேலாக எழவேண்டிய அக்குரலை உருவாக்க எந்த இசைக்கல்லூரியும் உதவவில்லை. தோட்டத்து வாத்தியார் ஒருவர், தமக்கு முன்னிருந்த வாத்தியாரிடம் கேட்டறிந்ததை அடுத்தவனுக்குக் கற்பித்தார்; அவ்வளவே. மூன்றாந்தர ஒலிபெருக்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து அப்புலம்பலை அதற்குள் திணிப்பவர், அக்கலைக்கு வசதி செய்வதாக எண்ணுகின்றனர். இரைச்சலை இருமடங்காக்கி, இனி எவனும் அக்குரலைப் பழகத் தேவையில்லை என்ற செய்தியையே அவர்கள் இளைஞனுக்கு அளிக்கின்றனர்.

“மாட்டு வண்டிக்குத் திரும்பச் சொல்கிறீர்களா?” என்று புதுமைவாதிகள் வினவுவர். விடை எளிது. உலகின் மிகச் செல்வச் செழிப்பான இசை அரங்குகளான மிலானின் ஸ்காலாவும் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றனும், வேண்டிய அளவு மின்கருவிகளை வாங்கும் வசதி படைத்தவை. எனினும் அங்கே ஓபராப் பாடகன் ஒலிவாங்கியின்றிப் பாடுவதே இன்றுவரை பொதுவிதியாக இருக்கின்றது. அதே பாடகர் திறந்தவெளிப் பெருநிகழ்ச்சிக்கு வரும்போது ஒலிவாங்கியைப் பயன்படுத்துகின்றனர். 1990இல் உரோமாபுரியின் கரகல்லா நீராட்டக இடிபாடுகளுக்கிடையே பவரொத்தியும் டொமிங்கோவும் கரேராசும் அவ்வாறே பாடினர். இரு இடத்துக்கும் இரு முறை என்ற தெளிவு அவர்களுக்கு இருக்கின்றது. ஒன்றைக் கைக்கொள்ள மற்றதைக் கொல்லவில்லை. ஸ்காலா செய்தால் மரபு பேணல், காமன் திடல் கேட்டால் பிற்போக்கு என்பது அறிவுலக அடிமைத்தனத்தின் அடையாளமன்றி வேறில்லை.

ஆதலின் செய்யவேண்டுவன சில உண்டு. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுக்கு ஓரிரவையேனும் ஒலிவாங்கி இல்லாத கூத்திரவாக நடத்தவேண்டும். பேராதனையின் திறந்தவெளி அரங்கு அதற்காகவே அமைந்தது போலச் சரிவில் கிடக்கின்றது. கூத்துப் போட்டிகளில் ஆட்டத்துக்கும் உடைக்கும் புள்ளி வழங்குவோர், துணைக்கருவியின்றிக் கடைசி வரிசையைச் சேரும் தெளிவுக்கும் புள்ளி வழங்கவேண்டும். அண்ணாவிமாரையும் தோட்டத்து வாத்தியார்களையும் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், ஊதியம் கொடுத்து ஒரு தவணையேனும் மாணவருக்குக் குரல் பயிற்றச் செய்யவேண்டும். எஞ்சியிருக்கும் கலைஞரின் பாட்டை, அடைத்த அறைக்குள் வாய்க்கருகே கருவி வைத்துப் பதிவு செய்வதோடு நில்லாது, அவர்கள் பாடிய திடலிலேயே, அருகிலும் தொலைவிலும் கருவி வைத்துப் பதிவு செய்யவேண்டும். கலைப்பீட மாணவனும் பொறியியற்பீட மாணவனும் சேர்ந்து செய்யத்தக்க ஆய்வு இது. இவற்றுள் எதற்கும் பெருஞ்செல்வம் தேவையில்லை. தேவைப்படுவது, ‘கத்தல்’ என்ற சொல்லை விழுங்கிக்கொள்ளும் பணிவு மட்டுமே.

காலம் காத்திருக்கவில்லை. களு கங்கை நீர்த்தேக்கத்தின் பொருட்டுப் பழைய லக்கல நகரம் நீருக்கு விடப்பட்டது. மக்கள் மேட்டு நிலத்துப் புதிய நகரத்துக்குச் சென்றனர். கடைகளையும் பாடசாலையையும் பெயர்த்து வேறிடத்தில் கட்டலாம். ‘பெல’வில் விழித்திருந்தவனின் குரலை அவ்வாறு பெயர்த்துக் கட்ட இயலாது; அதனைத் தொண்டைக்குத் தொண்டை கைமாற்றியாக வேண்டும். லக்கலவுக்கு ஏறும் பாதையில், றிவர்ஸ்டன் முகட்டில், இன்று ஓர் அலைக்கோபுரம் நிற்கின்றது. எங்கோ மெல்லப் பாடும் ஒருவனை எல்லா வீட்டுக்கும் கொண்டுசெல்ல வல்ல நுட்பத்தின் சின்னம் அது, வரவேற்கத்தக்கதே. ஆனால் ஒருநாள் மின்சாரம் நின்றுவிட்டால், அம்மலையின் இப்புறத்துத் தோட்டத்திலோ அப்புறத்துச் சேனையிலோ, இருளைத் தாண்டி அயலானை எழுப்பத்தக்க குரலொன்று இருக்குமா என்பதற்கு விடைசொல்ல வேண்டியவர்கள் படித்தவர்களே. அக்குரலைக் கேட்டுச் சிரித்தவர்களும் அவர்களே.